மானுக்கு மொழி தந்த மாகவி



கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலையின் அடிவாரத்தில் கச்சிராயபாளையம் என்னும் ஊர் அமைந்துள்ளது. மலைமீது பெய்யும் மழை கோமுகி ஆறாக இறங்கி, அவ்வூரை அடுத்துள்ள அணையில் தங்கி, சுற்றுப்புற வயல்களுக்குப் பாய்கின்றது. அணையைக் கடந்து செல்லும் நீர் மணிமுத்தா நதியோடு கலக்கின்றது. மணிமுத்தா நதி வெள்ளாற்றோடு கலக்கின்றது. வெள்ளாறோ கிழக்கு நோக்கி ஓடி, பரங்கிப்பேட்டைக்கு அருகில் வங்கக் கடலைச் சேர்கின்றது. மலையில் பிறந்த நீர் கடலைக் காணும் அந்த ஊரில், ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்னர், தமிழ் முஸ்லிம்களின் தலைசிறந்த காப்பியம் உருப்பெற்றது. அதுவே சீறாப்புராணம். அதனை இயற்றியவர் உமறுப் புலவர்.

அக்காப்பியத்தின் நாட்டுப் படலம் மழையோடு தொடங்குகின்றது. மேகம் கடல்நீரை முகந்து மலைமீது பொழிகின்றது. வெள்ளம் மலைப்பொருள்களை வாரிக்கொண்டு இறங்குகின்றது, காட்டைக் கடக்கின்றது, வயலில் புகுந்து செந்நெல்லை விளைவிக்கின்றது. பாலைவன நாடாகிய அரபு நாட்டைப் பாடவந்த புலவர் ஏன் இவ்வாறு பாடினார் என்று சிலர் வினவுவதுண்டு. விடை எளிது. அவர் தமிழ்க் காப்பிய மரபில் வந்தவர். தமிழ் மக்களுக்காகப் பாடியவர். நாட்டின் வளத்தைச் சொல்லத் தமிழன் கண்ட வளத்தையே அவர் எடுத்துக்கொண்டார். கச்சிராயபாளையத்து வாசகர் ஒருவர் அப்படலத்தைப் படிப்பாராயின், அது தம் ஊர் ஆறு என்றே எண்ணுவார்.

காப்பியங்களைப் படிப்போர் ஒவ்வொருவருக்கும் அவற்றுள் மனத்துக்கினிய பாத்திரம் ஒன்று இருக்கும். சிலப்பதிகாரத்தில் கண்ணகியைப் போற்றுவோர் உண்டு. மாதவிக்காக இரங்குவோரும் உண்டு. கம்பராமாயணத்தில் குகனிடம் மனம் பறிகொடுத்தோர் பலர். சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கிய மு. மு. இஸ்மாயீல் அவர்கள் வாலியின் வழக்கை ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார்கள். அவ்வாறாயின் சீறாப்புராணத்தில் நம் இல்லங்களின் உள்ளங்கவர்ந்த பாத்திரம் எது?

பெருமானார் (ஸல்) அவர்கள் அக்காப்பியத்தின் நாயகர். அவர்களை ஏனைய பாத்திரங்களோடு வைத்து எண்ணுதல் தகாது. கதீஜா நாயகியார் இருக்கின்றார்கள். சீற்றத்தோடு புறப்பட்டு ஈமானோடு திரும்பிய உமறு (ரலி) அவர்கள் இருக்கின்றார்கள். குகையில் அரவந்தீண்டிய வேதனையைத் தாங்கிய அபூபக்கர் (ரலி) அவர்கள் இருக்கின்றார்கள். ஆயினும் நம் பாட்டிமார் பேரக்குழந்தைகளுக்கு மீண்டும் மீண்டும் சொல்லி வந்தது ஒரு பெண்மானின் வரலாற்றையே. வேடன் வலையில் சிக்கிய அந்த மானுக்கு அழியா வாழ்வளித்த புலவரின் வரலாற்றை இன்று காண்போம்.

பிறப்பும் கல்வியும்

உமறுப் புலவர் 1642ஆம் ஆண்டில் பிறந்தார் என்பர். அவர் பிறந்த ஊர் நாகலாபுரம் என்று ஒருசாராரும், எட்டையபுரம் என்று மற்றொரு சாராரும், கீழக்கரை என்று வேறு சிலரும் உரைப்பர். தந்தையார் சேகு முதலியார் நறுமணப் பொருள்களை விற்கும் வணிகர். வணிகத்தின் பொருட்டு எட்டையபுரம் அரண்மனையோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது என்பது வழிவழிச் செய்தி.

அந்நாளில் எட்டையபுரம் சமஸ்தானத்தின் அவைப்புலவராக வீற்றிருந்தவர் கடிகைமுத்துப் புலவர். சமுத்திர விலாசம் என்னும் நூலை இயற்றியவர் அவர். இளம் உமறு அவரிடம் தமிழ் பயிலச் சென்றார். ஆசிரியர் வேறு சமயத்தார்; மாணவர் வேறு சமயத்தார். இருவருக்கும் இடையே தமிழ் இருந்தது, அதுவே போதுமானதாயிருந்தது. யாப்பும் அணியும், கம்பரின் சொல்லாட்சியும், ஐந்திணை மரபும் அந்த வாயிலாகவே உமறுவுக்குக் கிடைத்தன. பிற்காலத்தில் சீறாப்புராணத்தில் நாம் காணும் காப்பிய நயமெல்லாம் அந்தத் திண்ணையில் விதைத்த விதையே ஆகும்.

உமறுவுக்குப் பதினாறு வயது நிரம்பியிருந்த காலம். வாலை வாருதி என்னும் வடநாட்டுப் புலவர் ஊர்தோறும் சென்று அவைப்புலவர்களை வாதுக்கு அழைத்து வென்று வந்தார். எட்டையபுரத்திற்கும் அவர் வந்து சேர்ந்தார். ஆசானுக்குப் பதிலாக மாணவரே அவைக்குச் சென்று, அப்புலவரை வாதில் வென்று, ஆசானின் மானத்தைக் காத்தார் என்று மரபு கூறுகின்றது. ஆசிரியரின் பெயருக்கு மாணவர் பிணையாக நின்ற நிகழ்ச்சி இது. பின்னர் உமறு அவ்வவையிலேயே புலவரானார்.

வள்ளலின் விருப்பம்

உமறுப் புலவருக்கு முன்னரே தமிழில் இசுலாமிய இலக்கியம் தோன்றிவிட்டது. 1572ஆம் ஆண்டில் ஆயிரமசலா அரங்கேறியது. 1590ஆம் ஆண்டில் ஆலிப் புலவரின் மிகுராசு மாலை வெளிவந்தது. 1648ஆம் ஆண்டில் கனகாபிடேக மாலை தோன்றியது. ஆயினும் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வை முழுமையாகச் சொல்லும் பெருங்காப்பியம் ஒன்று தமிழில் இல்லை என்னும் குறை இருந்து வந்தது.

அக்குறையைப் போக்க எண்ணியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்பது அவருடைய இயற்பெயர். கப்பல் வணிகத்தால் பெரும்பொருள் ஈட்டியவர். இராமநாதபுரம் கிழவன் சேதுபதியின் உற்ற நண்பர். சமயம் பாராது புலவர்க்கு ஈந்தவர். இறந்த பின்னரும் தம் கைவிரல் மோதிரத்தைப் புலவர்க்கு ஈந்தார் என்று மக்கள் கதை சொல்லும் அளவுக்கு அவருடைய கொடை பேசப்பட்டது.

வள்ளல் அழைத்தார், உமறு இசைந்தார். ஆனால் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாறு அரபு நூல்களில் இருந்தது. அதனைப் பிழையின்றிப் பெற வேண்டுமானால் மார்க்க மேதை ஒருவரின் துணை வேண்டும். கீழக்கரையில் அக்காலத்தில் வாழ்ந்த சதக்கத்துல்லா அப்பா அவர்களே அதற்குரியவர். அரபு மொழியில் கவிதை புனைந்த பேரறிஞர் அவர். வள்ளலின் பரிந்துரையோடு உமறு அவர்களிடம் சென்றார்.

அங்கே உமறுவுக்கு ஏமாற்றமே காத்திருந்தது. அரசவைப் புலவருக்குரிய ஆடை அணிகலன்களோடு வந்து நின்றவரைக் கண்ட அப்பா அவர்கள், புனிதமான வரலாற்றை இத்தகைய கோலத்தாரிடம் ஒப்படைப்பது எவ்வாறு என்று தயங்கி, மறுத்துவிட்டார்கள் என்று மரபு கூறும். வாதில் வென்ற புலவர் வாயிலில் தோற்றார்.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நின்று எண்ணுங்கள். அவைப்புலவருக்கு எட்டையபுரத்தில் பதவி இருந்தது, புகழ் இருந்தது. மறுத்தவரைக் குறைகூறிவிட்டு ஊர் திரும்பியிருக்கலாம். அவர் திரும்பவில்லை. பள்ளிவாசலில் தங்கி, அண்ணலாரை நினைந்து கண்ணீர் சொரிந்து, முதுமொழிமாலை என்னும் நூலைப் பாடினார் என்பர். பின்னர்ப் பெருமானார் (ஸல்) அவர்கள் கனவில் தோன்றிய பேறு இருவர்க்கும் வாய்த்ததாகவும், அப்பா அவர்கள் மனம் இளகி இசைவு தந்ததாகவும், பரங்கிப்பேட்டையில் வாழ்ந்த லெப்பை அலி ஹாஜியாரிடம் சென்று பாடம் கேட்குமாறு அனுப்பியதாகவும் அந்த வரலாறு தொடர்கின்றது. கனவை அளந்து பார்க்க நம்மால் இயலாது. ஆனால் ஒரு புலவர் தம் புலமையை ஒதுக்கி வைத்துவிட்டு மாணவராக மீண்டும் அமர்ந்தார் என்பது காப்பியத்தைப் படிப்போர் எவர்க்கும் விளங்கும். அரபுச் சான்றுகளைக் கற்றறியாத ஒருவர் அத்தனை நிகழ்ச்சிகளையும் பெயர்களையும் அவ்வளவு ஒழுங்கோடு கோத்திருக்க முடியாது.

பரங்கிப்பேட்டையில்

காப்பியம் வளர்ந்துவந்த காலத்தில் வள்ளல் சீதக்காதி மறைந்தார் என்று கூறுவர். புரவலர் மறைந்தால் புலவரின் ஏடும் மூடப்படுவதே உலக வழக்கம். அப்போது பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் முன்வந்தார். மறைந்தவர் தொடங்கிய கடமையைத் தம் கடமையாக ஏற்றுக்கொண்டார். அவருடைய ஆதரவில் காப்பியம் வளர்ந்து அரங்கேறியது. உமறுப் புலவர் அந்நன்றியை மறவாது, காப்பியத்துள் பல இடங்களில் அபுல்காசிம் மரைக்காயரைப் போற்றியுள்ளார். சீதக்காதியின் பெயர் காப்பியத்துள் இடம்பெறாமை குறித்து ஆராய்ச்சியாளர் பலவாறு எழுதியுள்ளனர். ஆயினும் அந்த வள்ளலின் பெயரையும் சீறாவின் பெயரையும் மக்கள் பிரித்துச் சொல்வதில்லை.

சீறா என்பது வாழ்க்கை வரலாற்றைக் குறிக்கும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்களைக் கொண்டது இந்நூல். முதலாவது பிறப்பையும் இளமையையும், இரண்டாவது நபித்துவத்தையும், மூன்றாவது மக்கா நீங்கி மதீனா சென்ற பிற்கால வாழ்வையும் பாடுகின்றன. 92 படலங்களும் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட விருத்தப்பாக்களும் இதில் அடங்கியுள்ளன.

இத்துணைப் பெரிய நூலில் பேசாதவையெல்லாம் பேசுகின்றன. புலி பேசும், பாந்தள் என்னும் பாம்பு பேசும், உடும்பு பேசும். அவற்றுள் மக்கள் மனத்தில் நிலைத்து நின்றது மான்.

சொல் காத்த மான்

அந்த வரலாறு மானுக்குப் பிணை நின்ற படலத்தில் வருகின்றது. பெருமானார் (ஸல்) அவர்கள் தோழர்களோடு மலைச்சாரல் ஒன்றின் வழியே செல்கின்றார்கள். அங்கே வேடன் ஒருவன் பெண்மானை வலையில் பிடித்துக் கட்டி வைத்திருக்கின்றான். அண்ணலாரைக் கண்டதும் மான் வாய் திறந்து பேசுகின்றது. தனக்கு இளங்கன்று ஒன்று உண்டு, அது பாலின்றி வாடிக்கொண்டிருக்கும், சென்று பாலூட்டிவிட்டுத் திரும்பி வந்து வேடனிடம் சேர்ந்துவிடுகிறேன், அதுவரை என்னை விடுவித்தருள வேண்டும் என்று மன்றாடுகின்றது. தன் உயிரைக் காப்பாற்றும்படி அது கேட்கவில்லை என்பதைக் கருத்தில் கொள்ளுங்கள். அது கேட்டது தவணை மட்டுமே.

பெருமானார் (ஸல்) அவர்கள் வேடனிடம் பேசுகின்றார்கள். அவன் நகைக்கின்றான். கட்டவிழ்த்த மான் மீண்டும் கட்டுக்கு வருமோ என்பது அவனுடைய வினா. உலகியல் அறிந்த எவரும் கேட்கக்கூடிய வினாவே அது. அவனுக்கும் பசி உண்டு. நாள் முழுவதும் அலைந்து பெற்ற இரை அது. புலவர் அவனை அரக்கனாகப் படைக்கவில்லை. ஐயம் கொண்ட மனிதனாகவே படைத்தார். அந்த ஐயத்திற்கு விடையாக, மான் திரும்பும் வரையில் தாமே பிணை என்று அண்ணலார் அவ்விடத்திலேயே இருந்துவிடுகின்றார்கள். மான் அவிழ்த்து விடப்படுகின்றது.

மான் தன் இனத்தை அடைகின்றது. கலைமான் மகிழ்கின்றது, கன்று ஓடி வந்து பால் அருந்துகின்றது. பின்னர் மான் நடந்ததை உரைத்து, தான் திரும்பிச் செல்ல வேண்டும் என்கின்றது. கலைமான் தடுக்கின்றது. வேடன் கையிலிருந்து தப்பிய மான் மீண்டும் அவனிடமே செல்வது எங்கேனும் உண்டா என்று கேட்கின்றது. இனம் முழுவதும் வருந்துகின்றது. பெண்மான் அசையவில்லை. நபிகளார் எனக்காகப் பிணை நின்றிருக்க, நான் இங்கே உயிர் பிழைத்திருப்பது தகுமோ என்பதே அதன் நிலை. கன்றைக் கலைமானிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படுகின்றது. கன்றோ தாயை விட்டுப் பிரிய மறுத்து உடன் வருகின்றது.

ஒரு மானை எதிர்பார்த்திருந்த வேடனுக்கு முன்னே இரு மான்கள் வந்து நிற்கின்றன. தாய்மான் அண்ணலாரை வணங்கி நின்று, தன்னை ஏற்றுக்கொண்டு பிணையை விடுவிக்குமாறு வேடனிடம் சொல்கின்றது. விலங்கின் வாய்மையைக் கண்ட வேடனின் நெஞ்சம் கரைகின்றது. அவன் கலிமா மொழிந்து ஈமான் கொள்கின்றான். தாயும் கன்றும் விடுதலை பெற்றுக் கானகம் செல்கின்றன.

பிணை என்னும் பொறுப்பு

சொன்ன சொல்லைக் காத்துத் திரும்பி வந்த விலங்கின் கதை நம் நாட்டில் வேறிடத்தும் உண்டு. கன்னட நாட்டார் புண்ணியகோடி என்னும் பசுவின் கதையைப் பாடுவர். புலியிடம் அகப்பட்ட பசு, கன்றுக்குப் பாலூட்டிவிட்டு வருவதாக வாக்களித்துச் சென்று, வாக்குத் தவறாமல் திரும்பி வருகின்றது. அந்தப் பசுவும் போற்றத்தக்கதே. ஆயினும் உமறுப் புலவரின் மானுக்கும் அதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. பசுவின் கதையில் இருவரே உள்ளனர்: வாக்களித்தவர் ஒருவர், கேட்டவர் ஒருவர். மானின் கதையில் மூன்றாமவர் ஒருவர் இருக்கின்றார். பசு திரும்பாவிடில் அதன் வாய்மை மட்டுமே கெடும். மான் திரும்பாவிடில் அதை நம்பித் தம் பெயரைத் தந்தவர் வேடன் முன்னே தலைகுனிய நேரும். ஆகவே மான் காத்தது தன் சொல்லை மட்டுமன்று. தன்னை நம்பியவரின் மதிப்பையும் காத்தது.

நம் இல்லங்களில் இக்கதை ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பது இதனால் விளங்கும். நம்மவருள் வணிகர் பலர். கடையிலும் மண்டியிலும் கடன் என்பது எழுத்தைக் காட்டிலும் ஆளை நம்பியே நடந்து வந்தது. மாமனார் மருமகனுக்காகச் சொல்வார். அண்ணன் தம்பிக்காகக் கையெழுத்திடுவார். ஊர்ப் பெரியவர் ஓர் ஏழை இளைஞனுக்காகத் தம் பெயரைக் கொடுப்பார். கடன் பெற்றவர் சொன்ன நாளில் வந்து நின்றால் இருவரும் நிமிர்ந்து நடப்பர். அவர் ஊரைவிட்டு மறைந்துவிட்டால் பிணை நின்றவர் வீட்டு வாயிலில் கடன்காரர் வந்து அமர்வார். இத்தகைய துயரைக் கண்டறியாத தெரு நம் ஊர்களில் உண்டோ?

கடனுக்கும் பிணைக்கும் மார்க்கம் தந்துள்ள இடம் மிகப் பெரிது. கடன்பட்டு இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, கடனைத் தீர்க்க அவர் ஒன்றும் விட்டுச் செல்லவில்லை என்பதை அறிந்து, பெருமானார் (ஸல்) அவர்கள் தாம் தொழுகை நடத்தாது தோழர்களை நடத்துமாறு கூறினார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குத் தாம் பொறுப்பேற்றுக்கொண்ட பின்னரே அண்ணலார் தொழுகை நடத்தினார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி. இறந்தவர்க்கும் பிணையாளர் ஒருவர் தேவைப்பட்டார்.

இங்கே ஓர் ஐயத்தையும் தெளிவுபடுத்துதல் வேண்டும். மான் பேசிய நிகழ்ச்சியைக் கூறும் அறிவிப்புகள் வலுவற்றவை என்று ஹதீஸ் கலை வல்லுநர் பலர் மதிப்பிட்டுள்ளனர். அதனால் இப்படலத்தைப் படிப்பது தகுமா என்று இளைஞர் சிலர் வினவுகின்றனர். வினவுவது நன்றே. சான்றை ஆராய்வது மார்க்கக் கல்வியின் ஒரு பகுதி; காப்பியத்தைச் சட்ட நூலாகக் கொள்ளுமாறு எவரும் கூறவில்லை. ஆனால் அப்படலம் உணர்த்தும் இரக்கம் வலுவான அறிவிப்புகளிலும் உண்டு. குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த பறவையைக் கண்டு, அக்குஞ்சுகளைத் திருப்பித் தருமாறு அண்ணலார் பணித்தது அபூதாவூது தொகுப்பில் இருக்கின்றது. நாவறண்ட நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிப்புப் பெற்றதும், பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியிட்ட பெண் தண்டனைக்குரியவளானதும் புகாரியில் உள்ளன. உமறுப் புலவர் பாடிய கருணை புலவரின் கற்பனையில் மட்டும் பிறந்ததன்று.

புலவரின் பிணையாளர்கள்

இப்போது புலவரின் வாழ்வை மீண்டும் ஒருமுறை நோக்குங்கள். வணிகரின் மகனாகிய உமறுவைக் கடிகைமுத்துப் புலவர் தம் மாணவராக ஏற்று அவைக்கு அறிமுகம் செய்தார். அவைப்புலவராகிய உமறுவுக்காகச் சீதக்காதி அறிஞரின் வாயிலில் பரிந்து பேசினார். சதக்கத்துல்லா அப்பா அவர்கள் தயங்கிய பின்னரும் இசைந்து, தம் பெயரின் மதிப்போடு அவரைப் பரங்கிப்பேட்டைக்கு அனுப்பினார்கள். வள்ளல் மறைந்த பிறகு அபுல்காசிம் மரைக்காயர் அந்தச் சுமையைத் தம் தோளில் ஏற்றார். அடுத்தடுத்து நால்வர் அவருக்காகத் தம் பெயரைக் கொடுத்தனர். அந்நால்வருள் எவரும் தலைகுனிய நேராதவாறு புலவர் உழைத்தார். பிணை நின்றவரின் பாரத்தைத் தம் வாழ்விலேயே உணர்ந்தவர் பாடியதாலேயே அந்த மான் இத்துணை உயிரோடு நடமாடுகின்றது என்று எண்ணத் தோன்றுகின்றது.

ஆயினும் சீறாப்புராணம் பெருமானாரின் வாழ்வை இறுதிவரை பாடி முடிக்கவில்லை. உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நூல் நின்றுவிடுகின்றது. மக்கா வெற்றியும், இறுதி ஹஜ்ஜும், அண்ணலாரின் மறைவும் அதில் இல்லை. 1703ஆம் ஆண்டில் உமறுப் புலவர் இறையடி சேர்ந்தார். எட்டையபுரத்தில் அவர் நல்லடக்கம் செய்யப்பெற்றார். 1882ஆம் ஆண்டில் பாரதியார் பிறந்ததும் அதே ஊரில்தான். தமிழக அரசு அங்கே உமறுப் புலவருக்கு மணிமண்டபம் எழுப்பியுள்ளது.

புலவர் விட்டுச் சென்ற இடத்திலிருந்து வரலாற்றைத் தொடர்ந்து பாடியவர் பனீ அகமது மரைக்காயர். அவருடைய நூல் சின்னச் சீறா எனப்படுகின்றது. ஒருவர் முடிக்காமற் சென்றதை மற்றொருவர் தம் கடனாக ஏற்று முடித்தார்.

ஏடுகளில் சிதறிக்கிடந்த சீறாப்புராணத்தை 1842ஆம் ஆண்டில் அச்சேற்றியவர் காயற்பட்டினத்துச் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். புலவர் நாயகம் என்று போற்றப்படும் அவர் தாமே காப்பியங்கள் பல இயற்றிய பெருங்கவி. தம் நூல்களைப் பரப்புவதோடு நில்லாது, நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் மறைந்த ஒருவரின் நூலுக்காக ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்து உழைத்தார். பிற்காலத்தில் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் அதற்கு உரை கண்டார். இவர்கள் அனைவரும் உமறுவின் நூலுக்குப் பிணை நின்றவர்களே.

நம் கடன்

வாசகர்களே, அந்த வரிசையில் அடுத்து நிற்போர் யார்? கடற்கரை ஊர்களில் மாலை வேளைகளில் சீறாவை இராகத்தோடு படித்து, செய்யுள்தோறும் பொருள் சொல்லி, ஆண்களும் திரைக்குப் பின்னே பெண்களும் கேட்டு மகிழ்ந்த வழக்கம் நெடுங்காலம் இருந்தது. எழுதப் படிக்க அறியாத மூதாட்டியரும் மானின் கதையைப் படலத்தின் போக்கிலேயே சொல்லக் காரணம் அதுவே. இன்று அவ்வழக்கம் பெரிதும் அருகிவிட்டது. உமறுப் புலவரின் பெயரை நாம் மேடைகளில் சொல்கின்றோம். தெருக்களுக்கும் மன்றங்களுக்கும் சூட்டுகின்றோம். அவருடைய நூலை வீட்டில் வைத்திருப்போர் எத்துணைப் பேர்? வைத்திருப்போருள் அதைத் திறந்து பார்ப்போர் எத்துணைப் பேர்?

செய்யுள் கடினமாக இருக்கின்றது என்பது பலர் கூறும் காரணம். உண்மைதான், விருத்தப்பாக்களும் அரபுச் சொற்களும் முதலில் தடையாகவே தோன்றும். ஆனால் உரையோடு கூடிய பதிப்புகள் உள்ளன. 92 படலங்களையும் ஒருங்கே படிக்க வேண்டும் என்பதில்லை. மானுக்குப் பிணை நின்ற படலம் ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஒரு வெள்ளிக்கிழமை மாலையில், மஃரிபுத் தொழுகைக்குப் பின்னர், பிள்ளைகளை அருகே அமர்த்திக்கொண்டு நாளொன்றுக்குப் பத்துச் செய்யுள் வீதம் படித்துப் பொருள் சொல்லலாம். மான் கன்றிடம் விடைபெறும் இடத்தில் குழந்தைகள் தாமே கேள்வி கேட்பர். மான் ஏன் திரும்பிப் போக வேண்டும் என்பர். அதற்கு நீங்கள் சொல்லும் விடையே அவர்கள் வளர்ந்து கடை வைக்கும்போதும், கடன் வாங்கும்போதும், ஒருவருக்காகக் கையெழுத்திடும்போதும் அவர்களோடு இருக்கும்.

நம்மை நம்பித் தம் பெயரைத் தந்தவர்களைத் தலைகுனிய விடாத நெஞ்சுரத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.